பாய்மரப் படகில் அவுட்போர்டு மோட்டார் உதறினால் எங்கே பார்ப்பது?

20 முதல் 26 அடி வரை நீளமுள்ள சிறிய பாய்மரப் படகு, பின்னால் ஏற்றி இறக்குகிற பிராக்கெட், அதில் 4 முதல் 10 எச்பி வரையில் ஒரு பெட்ரோல் அவுட்போர்டு. இந்த அமைப்பை வைத்துத்தான் எழுதுகிறேன். மீன்பிடி வள்ளத்தில் இருப்பதும் இதே வகை மோட்டார்தான், ஆனால் அது தினமும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடித் தேய்கிறது. பாய்மரப் படகின் மோட்டாரோ துறைமுகத்தை விட்டு வெளியே வரப் பத்து நிமிடம், திரும்பி உள்ளே போகப் பத்து நிமிடம் ஓடிவிட்டு, மீதி நேரமெல்லாம் உப்புக் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே எஞ்சின் தேய்ந்து உதறுவது குறைவு. பழைய பெட்ரோல், கரி பிடித்த பிளக், புரொப்பல்லரில் ஒட்டிய கொட்டலசு (ஓடுள்ள சிறு கடல் உயிர்), தளர்ந்த பிராக்கெட் என்று சும்மா கிடந்ததால் வருகிற கோளாறுகள்தான் அதிகம்.

மோட்டார் உதறியதும் பலரும் நேராக மேல் மூடியைக் கழற்றி கார்புரேட்டரில் கை வைக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் எப்போது உதறுகிறது என்று பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

படகை முன்னும் பின்னும் நல்ல கயிற்றால் கட்டிக்கொண்டு மோட்டாரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சூடாக விடுங்கள், சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். நியூட்ரலில் ஐடில் (திராட்டில் கொடுக்காத மெதுவான ஓட்டம்), பிறகு நியூட்ரலிலேயே கொஞ்சம் திராட்டில், பிறகு முன் கியர் போட்டு மெதுவான ஓட்டம். இது முடிந்ததும் கட்டவிழ்த்து வெளியே போய் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். நியூட்ரலிலேயே உதறினால் எஞ்சின் பக்கம். கியர் போட்ட பிறகுதான் என்றால் புரொப்பல்லர், ஷாஃப்ட் பக்கம். படகு ஓடும்போது ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் மோட்டாரைத் தாங்கிக்கொண்டிருக்கிற பிராக்கெட்டின் பக்கம்.

இந்தச் சோதனையைத் தண்ணீர் டிரம்மில் வைத்துச் செய்யலாமா என்றால், நியூட்ரல் வரைக்கும் செய்யலாம். கியர் போட்டால் டிரம்முக்குள் தண்ணீர் கலங்கிக் காற்று கலந்து நல்ல புரொப்பல்லர்கூட உதறும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீரே இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், கூலிங் பம்பின் ரப்பர் இம்பெல்லர் போய்விடும்.

இன்னொன்று. புரொப்பல்லர் பக்கம் கை போகும் முன் எஞ்சினை நிறுத்தி, எஞ்சினை அணைக்கிற கில் ஸ்விட்சின் கயிற்றை உருவி, பிளக் மூடியையும் கழற்றிவிடுங்கள். கியரில் இருக்கிற மோட்டாரின் புரொப்பல்லரைக் கையால் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும், சுற்றுகிற எஞ்சின் பற்றிக்கொள்ளவும் கூடும்.

ஐடிலில் உதறுகிறது, திராட்டில் கொடுத்தால் சரியாகிவிடுகிறது

முதலில் உங்கள் மோட்டார் ஒற்றைச் சிலிண்டரா, இரட்டையா என்று தெரிந்துகொள்ளுங்கள். 6 எச்பி வரையிலான போர்-ஸ்ட்ரோக் மோட்டார்கள் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர்தான். ஒற்றைச் சிலிண்டர் போர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு நடக்கும், அதாவது நிமிடத்துக்கு 1,200 சுற்று ஐடிலில் நொடிக்குப் பத்து அடி. அது கையில் தெரியத்தான் செய்யும், பைபர் படகின் உள்ளறைக்குள் இன்னும் பலமாகவே கேட்கும். பழைய இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கை விற்றுவிட்டுப் புதிதாக ஒற்றைச் சிலிண்டர் வாங்கியவர்கள் முதல் வாரமே மெக்கானிக்கைத் தேடுவது இதனால்தான். புது மோட்டார், ஐடிலில் மட்டும் ஒரே சீரான ஆட்டம் என்றால் விட்டுவிடுங்கள். ஐடில் சுற்று கையேட்டில் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகினாலே ஆட்டம் அடங்கும்.

சீராக இல்லாமல் விட்டு விட்டு உதறினால் கதை வேறு. முதலில் பிளக். பத்து நிமிடம் ஓடி நிற்கிற எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை, அதனால் பிளக்கில் கரி சேரும். கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்த பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது, கறுத்து ஈரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பிளக் விலைக்கு அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருப்பது வீண் வேலை. இடைவெளி மோட்டாருக்கு மோட்டார் மாறும், 0.6 முதல் 1 மி.மீ. வரை எங்காவது இருக்கும், கையேட்டைப் பார்த்து வையுங்கள்.

இரட்டைச் சிலிண்டர் மோட்டார் திடீரென்று மாட்டு வண்டி போலக் குலுங்கத் தொடங்கினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எது என்று கண்டுபிடிக்க, ஓடும்போதே பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. கையில் ஷாக் அடிப்பது ஒருபுறம், இக்னிஷன் யூனிட்டே எரிந்துபோகவும் வாய்ப்புண்டு. அதற்குப் பதிலாக வயருக்கும் பிளக்குக்கும் நடுவே மாட்டுகிற ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அதுவும் இல்லையென்றால் ஐடிலில் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி இரண்டு பிளக்கையும் கழற்றினால், வேலை செய்யாத சிலிண்டரின் பிளக் பெட்ரோல் ஈரத்தோடு வரும். சிறிய இரட்டைச் சிலிண்டர் போர்-ஸ்ட்ரோக்குகள் பலவற்றில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர்தான், ஆகவே ஒன்று மட்டும் செத்திருந்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டுப் பிளக், பிளக் மூடிக்குள் இருக்கும் துரு, காயில், அதுவும் சரியென்றால் கம்ப்ரஷன், வால்வு இடைவெளி என்று போங்கள்.

பிளக் நன்றாக இருந்தும் உதறினால் பெட்ரோல். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது, பங்கில் கிடைப்பது இப்போது பெரும்பாலும் இ20-தான். ஆனால் சிறிய அவுட்போர்டுகளின் கையேடுகளில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனாலுக்கு மேல் வேண்டாம் என்றே போட்டிருக்கும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான். காரில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக வராது, வாரா வாரம் டேங்க் காலியாகி நிரம்புகிறது. பாய்மரப் படகில் பொங்கலுக்கு வாங்கிய பெட்ரோல் ஆடி வரைக்கும் கடலோரப் புழுக்கத்தில் கிடக்கிறது.

சந்தேகம் என்றால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வீட்டுக்கு வெளியே, நெருப்பில்லாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் தனி அடுக்காக ஏதாவது நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றால் அந்தப் பெட்ரோல் மொத்தமும் வேண்டாம். டேங்கைக் கழுவிப் புதிது ஊற்றி, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்குகிற கிண்ணத்தின் (பவுல்) அடி ஸ்க்ரூவைத் திறந்து பழையதை வடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் ஐடிலில் மட்டும் உதறினால், ஐடிலுக்குப் பெட்ரோல் விடுகிற சின்னத் துளையான ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த ஜெட்டின் துளை ஊசி நுழையாத அளவுக்குச் சிறியது, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வட்டமான ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பாதி வட்டம் தெரிந்தாலும், ஓரம் பிசிறாகத் தெரிந்தாலும் அடைப்புதான். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, மின்வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை மட்டும் விட்டு எடுங்கள். எஃகுக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு எந்த ஐடிலும் சரியாக வராது. இனிமேல் அடைக்காமல் இருக்க, ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள், நீண்ட நாள் நிறுத்துவதானால் பவுலையும் வடித்துவிடுங்கள்.

நியூட்ரலில் அமைதி, கியர் போட்டால் அதிர்வு

மோட்டாரைத் தூக்கிப் புரொப்பல்லரைப் பாருங்கள். நம் கடலில் கொட்டலசு ஒட்ட அதிக நாள் தேவையில்லை. மோட்டாரைத் தூக்கி நிறுத்தினாலும் சில படகுகளில் புரொப்பல்லரின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும், அந்த ஒரு பிளேடில் மட்டும் ஒட்டினால் சமநிலை போய்விடும். மரச்சிராயால் சுரண்டி எடுங்கள், உளி வேண்டாம்.

பிறகு பிளேடுகள். முனை மடங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும், பிளேடே கொஞ்சம் முறுக்கியிருப்பது தெரியாது. அதற்கு, புரொப்பல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தட்டில் ஒரு பென்சிலை டேப் போட்டு, அதன் முனை பிளேடின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி ஒட்டி, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். எல்லா பிளேடும் பென்சில் முனையை ஒரே தூரத்தில் கடக்க வேண்டும். ஒன்று மட்டும் இடித்தாலோ இரண்டு மூன்று மி.மீ. விலகினாலோ அதுதான் அதிர்வு. இந்த வகை அதிர்வைக் கையாலும் கண்டுகொள்ளலாம். கியர் விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்பதால் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது புரொப்பல்லர் சுமார் 1,500 சுற்றுதான் சுற்றும், ஆகவே எஞ்சின் சுற்றைவிட மெதுவான, கனமான ஒரு குலுக்கலாக அது கைப்பிடியில் தெரியும். சின்ன அலுமினியப் புரொப்பல்லரைச் சுத்தியலால் தட்டி நேராக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிது வாங்கிவிட்டுப் பழையதை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, புரொப்பல்லரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். காசிமேடு பக்கமோ கடலூர், நாகைப் பக்கமோ படகு ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அறுந்த வலைத்துண்டும் தூண்டில் நரம்பும் மிதக்காத தண்ணீர் அங்கே இல்லை. வெளியே தெரிகிற நைலானை அறுத்தெடுத்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடுவோம். காட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, புரொப்பல்லரை இழுத்துப் பார்த்தால் த்ரஸ்ட் வாஷருக்குப் பின்னால் அதே நரம்பு இறுக்கிச் சுற்றி, உரசிய சூட்டில் உருகி, மோதிரம் மாதிரி கெட்டியாக ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை நகத்தால் எடுக்க முடியாது, கத்தி முனையால் கீறி இரண்டாக உடைத்துத்தான் எடுக்க வேண்டும், ஷாஃப்டில் கீறல் விழாமல். அங்கேயே ஆயில் சீல் இருக்கிறது, நரம்பு அதை அறுத்திருந்தால் கியர் பெட்டிக்குள் கடல் தண்ணீர் போயிருக்கும். கியர் ஆயிலைப் பார்க்காமல் புரொப்பல்லரைத் திரும்ப மாட்டாதீர்கள். மாட்டும்போது வாஷர்கள் கழற்றிய அதே வரிசையில் போக வேண்டும், காட்டர் பின் புதிது.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை

நடு நடுவே ஓர் உதறலோடு இப்படி ஆனால் புரொப்பல்லரின் நடுவிலிருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. ஹப்பின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே ஒரு நேர்கோடு கீறிவிட்டு ஓட்டிப் பாருங்கள், திரும்பி வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் அதுதான். ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் ஷியர் பின் (இடித்தால் கியரைக் காப்பாற்றத் தானே உடைகிற பின்) வைத்த சிறிய மோட்டார் என்றால் பின் உடைந்திருக்கும். ஷியர் பின்னை ஆணி போட்டுச் சமாளிக்காதீர்கள், உடைய வேண்டிய இடத்தில் அது உடையாவிட்டால் கியர்தான் உடையும்.

அலையில் மட்டும் திடீரென்று கத்தி உதறுகிறது

இது கோளாறே இல்லை. புரொப்பல்லர் காற்றை உறிஞ்சுகிறது. படகின் பின்பக்கம் தூக்கும்போது புரொப்பல்லர் மேற்பரப்புக்கு அருகே வந்துவிடுகிறது, ஒரு கணம் சுமை விட்டுப்போய் எஞ்சின் பறக்கிறது, மறுபடி தண்ணீர் பிடிக்கும்போது குலுங்குகிறது. நங்கூரம் போடவோ பாயை இறக்கவோ ஓர் ஆள் படகின் முன்பக்கமான அணியத்துக்குப் போனதும் இது தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். பாயையும் போட்டு மோட்டாரையும் ஓட்டுகிறவர்களுக்கு, படகு ஒரு பக்கம் சாய்ந்து மோட்டார் இருக்கிற பக்கம் மேலே எழும்பும்போது இதே தொல்லை.

பிராக்கெட்டை இன்னும் ஒரு படி இறக்குங்கள், கனமான சாமான்களைப் பின்னுக்குத் தள்ளுங்கள், அந்த நேரத்தில் திராட்டிலைக் குறையுங்கள். இவ்வளவும் செய்தும் தீரவில்லை என்றால், மோட்டாரின் தலையிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற தண்டின் நீளம் போதவில்லை. அவுட்போர்டு தண்டுகள் 15, 20, 25 அங்குலம் என்று வருகின்றன. பாய்மரப் படகுக்கு 25 அங்குலத் தண்டு தேவைப்படும் இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று 15 அங்குலத்தை மாட்டினால், எந்தப் பழுதுபார்ப்பும் அதைச் சரிசெய்யாது.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் படகே முனகுகிறது

பாய்மரப் படகுக்கே உரிய கோளாறு இது, அதிகம் பேர் தவறவிடுவதும் இதைத்தான். வேகம் குறைத்தால் நிற்கிறது, கூட்டினாலும் நிற்கிறது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் உள்ளறையில் பாத்திரமெல்லாம் சேர்ந்து ஆடுகிறது. மோட்டாரின் துடிப்பும் பிராக்கெட்டின் ஆட்டமும் அந்த வேகத்தில் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள மோட்டார், படகை விட்டு ஓரடி தள்ளி, நான்கு போல்ட்டில் தொங்குகிறது. எங்கே கொஞ்சம் தளர்ந்தாலும் தெரிந்துவிடும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் மோட்டாரின் தலையைப் பிடித்து மேலும் கீழும் இடமும் வலமும் ஆட்டட்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வையுங்கள், பாதி விரல் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். மோட்டாரின் கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவே, பிராக்கெட்டின் கீல் பின்களில், பிராக்கெட் தகட்டுக்கும் படகின் பின்பலகைக்கும் நடுவே. கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரலுக்குத் தெரியும். போல்ட்டைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடியோ கறுப்புத் தீற்றலோ இருந்தால் அங்கே இரண்டு உலோகங்கள் ரொம்ப நாளாக உரசிக்கொண்டிருக்கின்றன.

கிளாம்பு தளர்வு என்றால் கையால் இறுக்குங்கள், பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள், ஏனென்றால் மரப்பலகை கொஞ்சம் அமுங்கும். நடுவில் ரப்பர் ஷீட் வைத்தால் அதிர்வு குறையும் என்று சிலர் சொல்வார்கள். நான் வைக்க மாட்டேன், ரப்பர் அமுங்கி அமுங்கிக் கிளாம்பு தானாகவே தளர்ந்துகொண்டு போகும். எதுவானாலும் மோட்டாரைப் படகோடு ஒரு கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டி வையுங்கள்.

கீல் பின்னில் ஆட்டம் என்றால் நைலான் புஷ் தேய்ந்திருக்கும், அதை மாற்றுவது சின்ன வேலை. பின்பலகையே அசைகிறது என்றால் பெரிய வேலை. போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா, உள்பக்கம் பழுப்பு நீர் வழிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் பைபருக்குள் இருக்கும் பிளைவுட் ஊறி அழுகியிருக்கிறது. அந்த நிலையில் போல்ட்டை இன்னும் இறுக்குவது பைபரை நசுக்கத்தான் உதவும். அழுகிய பகுதியை எடுத்துப் புதுப்பலகை வைத்து பைபர் போட்டு, உள்பக்கம் பெரிய தகடு வைத்து போல்ட் போட வேண்டும். பலகை நன்றாக இருந்து உள்ளே வெறும் சின்ன வாஷர்கள் மட்டும் இருந்தால், 6 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று வைத்தாலே படகின் முனகல் பெருமளவு குறையும்.

இணைப்பெல்லாம் கெட்டி என்றால் மோட்டாருக்குள்ளேயே தண்டைத் தாங்குகிற ரப்பர் மவுண்டுகள் மிச்சம். வெயிலிலும் வயதிலும் அவை கல்லாக இறுகிவிடும் அல்லது கிழிந்துவிடும்.

திருப்பும்போது சுக்கான் கைப்பிடி நடுங்குகிறது

மோட்டாரைத் திருப்பினால் புரொப்பல்லர் தள்ளுகிற தண்ணீர் நேராகச் சுக்கானில் போய் அடிக்கும். மோட்டாரின் ஸ்டீரிங் இறுக்கத்தைக் கூட்டி அதை நேராக நிறுத்திவிட்டுச் சுக்கானால் மட்டும் திருப்புங்கள், நடுக்கம் நின்றால் விஷயம் அவ்வளவுதான். அப்படியும் நடுங்கினால் சுக்கானின் கீல்கள் தேய்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி வைத்து, இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று முழுதாகத் திருப்பி, பிளேடு சுக்கானைத் தொடுகிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை தட்டிய பிறகு வந்த அதிர்வு

மணல் என்றால் பிளேடோடு போகும். பாறை என்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, அதே பென்சில் முறையில் ஷாஃப்டின் நுனிக்கு எதிரே முனையை வைத்து நியூட்ரலில் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரிந்தாலே வளைவு அதிகம், ஷாஃப்டை மாற்ற வேண்டியிருக்கும். வளைந்த ஷாஃப்டோடு ஓட்டினால் சீலும் பேரிங்கும் அடுத்தடுத்துப் போகும்.

கூடவே கியர் ஆயில். கீழ் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு மேல் ஸ்க்ரூவையும் திறந்தால் வடியும். பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். விரலில் தேய்க்கும்போது நரநரவென்று தூள் தட்டுப்பட்டால் கியர் உடைந்துகொண்டிருக்கிறது. திரும்ப நிரப்பும்போது கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும் வரை. இரண்டு ஸ்க்ரூவுக்கும் புது வாஷர்.

பலமாக இடித்து எஞ்சின் சட்டென்று நின்றுபோய், அதன் பிறகு நியூட்ரலிலும் உதறி, ஸ்டார்ட் ஆகும்போது கயிற்றைப் பின்னுக்கு இழுத்தால் ஃப்ளைவீலை அச்சில் நகராமல் பிடிக்கிற சின்ன உலோகத் துண்டு (ஃப்ளைவீல் சாவி) நசுங்கி டைமிங் மாறியிருக்க வாய்ப்புண்டு. ஃப்ளைவீலைக் கழற்ற புல்லர் வேண்டும், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். நம் கடற்கரை மெக்கானிக்குகள் பலர் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற டூ-ஸ்ட்ரோக்கில் கை தேர்ந்தவர்கள். கியர், ஷாஃப்ட், புரொப்பல்லர் வேலைக்கு அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, போர்-ஸ்ட்ரோக்கின் வால்வு இடைவெளி போன்ற வேலை என்றால் மட்டும் கையேட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். போனதும் மோட்டார் ஆடுகிறது என்று சொல்லாமல், நியூட்ரலில் ஆடுகிறதா, கியரிலா, எந்த வேகத்தில், எதிலாவது இடித்ததா, பெட்ரோல் எப்போது வாங்கியது என்று சொல்லிவிடுங்கள், அவர் தேவையில்லாமல் கார்புரேட்டரைக் கழற்ற மாட்டார்.